கிட்டார் கழுத்தின் பக்கப் புள்ளிகள்: எந்த மரத்துக்கு எந்தப் பொருள்?

கிட்டாரின் விரல்பலகை முகப்பில் நீங்கள் பதிக்கும் சிப்பி வேலையை ஊரே பார்க்கும். பலகையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் சின்னஞ்சிறு புள்ளிகளையோ வாசிப்பவர் ஒருவர்தான் பார்க்கிறார். அவரும் நேராகப் பார்ப்பதில்லை. தலையைச் சற்றே குனிந்து, சாய்வாக, அரை நொடி மட்டும் பார்க்கிறார். அந்த அரை நொடியில், பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃபிரெட்களில் ஐந்தாவது எது, ஏழாவது எது என்று அவருக்குத் தெரிந்துவிட வேண்டும். பக்கப் புள்ளிக்கு வேறு வேலை கிடையாது. ஆகவே பொருள் தேடும்போது அழகைப் பற்றிய பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மங்கலான கல்யாண மண்டபத்தில், இரண்டு மூன்று ஆண்டு வியர்வை ஊறிய பிறகும் அது கண்ணுக்குத் தெரியுமா என்று முதலில் கேளுங்கள்.

இந்த வழிகாட்டி பினாங்கில் கழுத்து செதுக்குபவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும் யோசனைகளில் பாதி இங்கே அப்படியே செல்லாது. நம் தீவின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. பகல் வெப்பம் 32 பாகையைத் தொடுகிறது. அதே கிட்டார் மாலையில் குளிரூட்டிய அரங்கத்துக்குள் நுழைந்து மூன்று மணி நேரம் உலர்கிறது. மரம் சுருங்கி விரிகிறது. உலோகம் அப்படியே நிற்கிறது. எலும்பு எண்ணெயைக் குடிக்கிறது. பொருள் தேர்வு என்பது பெரும்பாலும் இந்த மூன்றையும் சமாளிப்பதுதான்.

முதல் படி: இடத்தை முடிவு செய்யுங்கள்

வழக்கமான எஃகுக் கம்பி கிட்டாருக்கும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் 3, 5, 7, 9 ஆகிய ஃபிரெட்களுக்கு ஒவ்வொரு புள்ளி, 12-க்கு இரண்டு, பிறகு 15, 17, 19, 21. ஃபிரெட் 24 வரை போனால் அங்கேயும் இரண்டு. கிளாசிக்கல் கிட்டாரில் முகப்புப் புள்ளியே வைக்காத மரபு உண்டு. ஓரத்தில் 5, 7, 9 மட்டும், அல்லது ஏழில் ஒன்றே ஒன்று. உக்குலேலே செய்கிறீர்கள் என்றால் ஒன்பதுக்குப் பதிலாகப் பத்தில் புள்ளி வைப்பது வழக்கம். வாசிக்கப்போகிறவரிடம் கேட்டுவிடுவது நல்லது. ஒன்பதில் பழகிய கண்ணுக்குப் பத்தில் இருக்கும் புள்ளி கச்சேரி நடுவில் பெரும் இம்சை.

புள்ளி, அந்த ஃபிரெட்டுக்கும் அதற்கு முந்தைய ஃபிரெட்டுக்கும் நடுவில் வரும். 650 மில்லிமீட்டர் கம்பி நீளத்துக்குக் கணக்குப் போட்டால், நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) மூன்றாம் ஃபிரெட்டின் புள்ளி 87.2, ஐந்தாம் ஃபிரெட்டின் புள்ளி 148.6, ஏழாம் ஃபிரெட்டின் புள்ளி 203.3, ஒன்பதாம் ஃபிரெட்டின் புள்ளி 252 மில்லிமீட்டரில் விழும். பன்னிரண்டாம் ஃபிரெட்டின் இடைவெளி 19.3 மில்லிமீட்டர், அதை மூன்றாகப் பிரித்து, இரண்டு கோடுகளிலும் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். ஃபிரெட் இல்லாத பேஸ் கிட்டாருக்கு இந்தக் கணக்கு மாறும். அங்கே சுரம் பிறக்கும் கோட்டின் மேலேயே புள்ளி வைத்தால்தான் விரல் சரியான இடத்தில் இறங்கும்.

உயரமும் முக்கியம். 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பலகையின் முகப்பை வளைவாகச் சீவிய பிறகு, ஓரத்தில் எஞ்சுவது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான். அதன் நடுவில் 2 மில்லிமீட்டர் புள்ளி வைத்தால் மேலும் கீழும் ஒன்றரை மில்லிமீட்டர் கிடைக்கும். சிலர் வாசிப்பவர் கண்ணுக்கு இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று புள்ளியை மேலே ஏற்றுவார்கள். பின்னர் பலகையின் கூர் விளிம்பை உருட்டி மழுக்கும்போது புள்ளியின் தலை தேய்ந்து முட்டை வடிவமாகிவிடும். விளிம்பை எவ்வளவு உருட்டப்போகிறீர்கள் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதற்குக் கீழேயே புள்ளியை நிறுத்துங்கள். இடது கைக்காரருக்குச் செய்யும் கழுத்தில் புள்ளிகள் எதிர்ப்பக்கம் வரும் என்பதைத் துளையிடுவதற்கு முன் ஒரு முறை சத்தமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஓரத்து மரம் என்ன நிறம் ஆகும்?

இன்று அது என்ன நிறம் என்பது போதாது. எண்ணெயோ வார்னிஷோ பூசி ஓராண்டு கழிந்த பிறகு என்ன நிறமாகும் என்று பாருங்கள். கருங்காலி கறுப்பாகவே இருக்கும். ரோஸ்வுட் எண்ணெய் பட்டதும் இரண்டு மடங்கு கருக்கும். மேப்பிள் நாளடைவில் தேன் நிறத்துக்குப் போகும். இங்கே எளிதாகக் கிடைக்கும் நியாத்தோ இளஞ்சிவப்பிலிருந்து செம்பழுப்புக்கு நகரும்.

மெர்பாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலேசிய மர ஆலைகளில் மிச்சத் துண்டுகளாகக் கிடைக்கும் கெட்டியான மரம் அது. விரல்பலகைக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஈரம் பட்டால் செம்பழுப்புச் சாயத்தைக் கக்கும். மெர்பாவ் பலகை போட்ட வீட்டுத் திண்ணையில் மழை பெய்த மறுநாள் சிமெண்டில் ஓடும் கறையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்தச் சாயம் எலும்பு, வெள்ளை மரம் போன்ற உறிஞ்சும் பொருள்களில் ஏறி அவற்றைக் கறைப்படுத்தும். இரும்பு பட்டால் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து நீலக்கறுப்புக் கறை உண்டாகும். மெர்பாவ் ஓரத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் அல்லது சிப்பி, அவ்வளவுதான். மற்றவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பைண்டிங், அதாவது விரல்பலகையின் ஓரத்தை மூடி ஒட்டும் மெல்லிய பட்டை, வைத்த கழுத்தில் புள்ளி விழுவது பைண்டிங்கின் மேல். அப்போது மரத்தின் நிறம் கணக்கில் இல்லை. வெள்ளை பைண்டிங்குக்குக் கறுப்புப் புள்ளி என்று தலைகீழாகிவிடும். பைண்டிங் ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். துளை அதைத் தாண்டி மரத்துக்குள்ளும் இறங்கட்டும், புள்ளிக்குப் பிடிப்பு வேண்டும்.

மூன்றாம் படி: பொருள்கள்

பிளாஸ்டிக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலர் அதைக் கேவலமாகப் பார்க்கிறார்கள். தொழிற்சாலைக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றின் ஓரத்தில் இருப்பது பிளாஸ்டிக் கம்பித் துண்டுதான். அதற்குக் காரணம் மலிவு மட்டுமன்று. வெள்ளை பிளாஸ்டிக் எந்த நிற விளக்கின் கீழும் பளிச்சென்று இருக்கும், எண்ணெயைக் குடிக்காது, வியர்வையில் மாறாது, மரத்தோடு சேர்ந்தே தேயும். கிட்டார் உதிரிப் பொருள் கடையில் வாங்கத் தேவையில்லை. முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கான இழை 1.75 மில்லிமீட்டர் விட்டத்தில் எல்லா நிறத்திலும் கிடைக்கிறது. நண்பர் யாரிடமாவது அந்த இயந்திரம் இருந்தால் ஒரு முழம் கேட்டு வாங்கிவிடலாம். 1.8 மில்லிமீட்டர் துளையில் அது கச்சிதமாக உட்காரும். தையல் சாமான் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் பின்னல் ஊசிகளும் மில்லிமீட்டர் அளவிலேயே வருகின்றன.

இழைகளில் ஒரு பேதம் உண்டு. பிஎல்ஏ வகை 60 பாகை வெப்பத்தை ஒட்டியே இளகத் தொடங்கும். உப்புத்தாளை வேகமாகத் தேய்த்தாலே முகம் குழைந்து, மரத்தூளை வாங்கி அழுக்காகிவிடும். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் கிட்டாரை வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது உதவாது. ஏபிஎஸ் வகை 100 பாகை வரை தாங்கும். ஆனால் அதற்கும் ஒரு பகை இருக்கிறது: நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் கலக்கும் தின்னர் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். கறுப்புப் புள்ளி வைத்த மேப்பிள் கழுத்துக்கு லாக்கரைக் கனமாக அடித்தால், புள்ளியிலிருந்து கறுப்பு வால் ஒன்று மரத்தில் இழுபடும். லாக்கர்தான் அடிக்கப்போகிறீர்கள் என்றால் முதல் இரண்டு பூச்சு தூறல் போல மெல்லியதாக இருக்கட்டும், அல்லது கறுப்புக்கு வேறு பொருள் தேடுங்கள். புல்வெட்டி இயந்திரத்தின் நைலான் நூலை வெட்டி வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நைலானில் பசை எளிதில் பிடிக்காது.

முத்துச்சிப்பியைப் பற்றி என்ன சொல்வது? அதன் அழகுக்கு ஈடில்லை. ஜார்ஜ் டவுனின் சர்ச் ஸ்திரீட்டில் இருக்கும் பினாங்கு பெரானாக்கான் மாளிகைக்குப் போய், கருமரச் சாமான்களில் பதித்த சிப்பி வேலையைப் பாருங்கள். பார்த்துக்கொண்டே நாற்காலியைச் சுற்றி நடந்து பாருங்கள். ஒரு கோணத்தில் வெள்ளியாக ஒளிரும் பூ, இரண்டடி நகர்ந்ததும் சாம்பலாகிவிடுகிறது. முகப்பு அலங்காரத்துக்கு அந்த மாற்றமே உயிர். பக்கப் புள்ளியிலோ அதுவே குறை. வாசிப்பவரின் கண் ஒரே கோணத்தில்தான் இருக்கிறது. அந்தக் கோணத்தில் இருண்டு நிற்கும் துண்டு மாட்டிக்கொண்டால் அதை வைத்த பயன் போய்விடும். சிப்பிதான் வேண்டும் என்றால் வெள்ளை முத்துச்சிப்பியை எடுங்கள், ஒவ்வொரு துண்டையும் பதிப்பதற்கு முன் விரல் நுனியில் சுழற்றிப் பார்த்து, அதிகம் ஒளிரும் பக்கம் மேலே வரும்படி வையுங்கள். பச்சையும் நீலமுமாக மினுங்கும் அபலோன் சிப்பியை ஓரத்தில் வைக்காதீர்கள். மங்கல் வெளிச்சத்தில் அது கறுப்பு.

மலிவாகச் சிப்பி வேண்டுமா? லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் பழஞ்சட்டைகளைக் கிளறிப் பாருங்கள். சில பழைய சட்டைகளில் உண்மையான சிப்பிப் பொத்தான்கள் இருக்கும். பல்லில் தட்டினால் கல்லைப் போலச் சில்லென்று ஒலிக்கும், பிளாஸ்டிக் பொத்தான் மந்தமாகத் தட்டும். ஒரு பொத்தானிலிருந்து பல புள்ளிகள் வெட்டலாம். சிப்பியையும் எலும்பையும் அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் தொட்டு நனைத்தே தேயுங்கள், என்95 முகக்கவசம் அணியுங்கள், மின்விசிறியை அணைத்துவிடுங்கள்.

எலும்பு. நட் செய்ய வாங்கும் மாட்டெலும்புத் துண்டின் மிச்சம் போதும். வீட்டில் மாட்டெலும்பு புழங்காதவர்கள் ஆட்டின் கால் எலும்பை எடுக்கலாம். சுவர் மெல்லியது என்றாலும் 2 மில்லிமீட்டர் புள்ளிக்குக் காணும். கொழுப்பை முழுமையாக நீக்க வேண்டும் என்பதுதான் வேலை. கொழுப்பு எஞ்சிய எலும்பு சில மாதங்களில் மஞ்சள் படிந்து கசியும். எலும்பின் வெண்மை கண்ணுக்கு இதமானது, பிளாஸ்டிக்கின் அப்பட்டமான வெள்ளையை விட எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் அதில் நுண்துளைகள் உண்டு. கருங்காலியைத் தேய்க்கும்போது எழும் கறுப்புத் தூள் அந்தத் துளைகளில் இறங்கிவிட்டால் எடுக்க முடியாது. பதித்த உடனே, தேய்ப்பதற்கு முன்பே, எலும்பின் முகத்தில் மெல்லிய சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு விட்டு அடைத்துவிடுங்கள்.

தந்தம், ஆமை ஓடு பக்கமே போகாதீர்கள். ஆசிய யானை 1975 முதலும், ஆப்பிரிக்க யானை 1989-இல் எடுத்த முடிவின்படியும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கடுமையான முதல் பட்டியலில் வந்தன. மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் பன்னாட்டு வணிகச் சட்டம் அதை நடைமுறைப்படுத்துகிறது. பழைய பெட்டியிலிருந்து எடுத்த துண்டு என்ற சமாதானம் எல்லைச் சோதனையில் உதவாது. கச்சேரிக்காக ஹாட்யாய், சிங்கப்பூர், சென்னை என்று கிட்டாரோடு போகிறவர்கள் நம்மில் நிறைய. இரண்டு மில்லிமீட்டர் அளவில் எலும்பையும் தந்தத்தையும் வெறுங்கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பதால், எலும்பு வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்தி வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். ரோஸ்வுட் இனம் முழுவதும் 2017-இல் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை, அது முதல் பட்டியலில் இருக்கிறது.

உலோகத்துக்கு வருவோம். பித்தளைக் கம்பிக்காக அலைய வேண்டியதில்லை. வெல்டிங் சாமான் கடைகளில் பற்றவைப்புக்கான பித்தளைக் கம்பி 1.6, 2.4, 3.2 மில்லிமீட்டர் அளவுகளில் விற்கிறார்கள். அலுமினியம், துருப்பிடிக்காத எஃகு நிரப்புக் கம்பிகளும் அதே அளவுகளில் உண்டு. ஒரு கம்பி வாங்கினால் பல கழுத்துகளுக்குப் போதும். வெள்ளி ஆசை இருந்தால் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம் நகை வேலை செய்கிறவரிடம், "அண்ணே, இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் வெள்ளிக் கம்பி, அறுபது மில்லிமீட்டர் நீளம் வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். எடை இரண்டு கிராமுக்கு மேல் போகாது. கழுத்தில் போடவா, காலில் போடவா என்று அவர் கேட்டால், கிட்டாரின் கழுத்தில் என்று சொல்லுங்கள்.

உலோகப் புள்ளியின் சிக்கல், அது கண்ணாடியாக நடந்துகொள்வது. பளபளப்பாக மெருகேற்றிய பித்தளை தனக்கு எதிரே இருப்பதைத்தான் காட்டும். எதிரே விளக்கு இருந்தால் ஒளிரும். இருண்ட கூரை இருந்தால் இருண்டுவிடும். கடைசி உப்புத்தாளை 400 எண்ணில் நிறுத்தி (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்), மெருகேற்றாமல் சொரசொரப்பாக விட்டால் ஒளி சிதறி எல்லாத் திசையிலும் ஓரளவு தெரியும். இரண்டாவது சிக்கல் வியர்வை. பித்தளையும் செம்பும் இந்த ஈரத்தில் மங்கி, பச்சைக் களிம்பு ஏறும். மேப்பிள் போன்ற வெளிர் மரத்தில் அந்தப் பச்சை சுற்றிலும் கசியும். வெள்ளி கறுக்கும். அலுமினியம் நிறம் மாறாது, ஆனால் தேய்க்கும்போது அதன் சாம்பல் தூள் வெளிர் மரத்தின் துளைகளில் அப்பிக்கொள்ளும். கருங்காலிக்கு அலுமினியம் நல்ல ஜோடி, மேப்பிளுக்கு இல்லை.

மூன்றாவது சிக்கல் குளிரூட்டி. ஈரமான பட்டறையில் மரத்தோடு சமமாகத் தேய்த்து முடித்த உலோகப் புள்ளி, குளிரூட்டிய அறையில் சில நாள் இருந்ததும் தலை தூக்கும். மரம் சுருங்கியது, உலோகம் சுருங்கவில்லை. தலைமுடி அளவுதான், ஆனால் கட்டை விரலை மேலே போட்டு வாசிப்பவருக்கு அது உறுத்தும். இதற்கான வழியை இறுதிப் படியில் சொல்கிறேன்.

மரப்புள்ளிகள் வெளிர் பலகைக்கு மட்டும். காரணம் எளிது: குச்சியாக வைக்கும்போது வெளியே தெரிவது மரத்தின் குறுக்கு வெட்டு முகம், அது எண்ணெயை அதிகம் குடித்து இன்னும் கருக்கும். மேப்பிளில் வைக்கும் கருங்காலிப் புள்ளிக்கு அது லாபம். ரோஸ்வுட்டில் வைக்கும் மேப்பிள் புள்ளிக்கு அதுவே நட்டம். வெள்ளையாக வைத்தது பழுப்பாகிவிடும். சாத்தே குச்சியை வெட்டி வைக்கும் யோசனைக்கும் இதே கதிதான். மூங்கிலின் நார்முனைகள் வியர்வையை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும். கறுப்புப் புள்ளிக்கு இப்போது எங்கும் விற்கும் கருங்காலி மாலை மணிகளைக்கூடப் பயன்படுத்தலாம். அதற்கு முன் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு மணியை அழுத்தித் துடையுங்கள். பஞ்சு கறுத்தால் அது சாயம் ஏற்றிய வேறு மரம். பக்திக்கு ஆகலாம், மேப்பிளுக்கு ஆகாது.

இருட்டில் ஒளிரும் புள்ளிகளை ஜப்பானிலிருந்து லூமின்லே என்ற பெயரில் குச்சிகளாகவே விற்கிறார்கள்; சுற்றிலும் கறுப்பு அல்லது வெள்ளை வளையம் இருப்பதால் பகல் வெளிச்சத்திலும் தெரியும். விளக்கை அணைத்துவிட்டுத் தொடங்கும் மேடை நிகழ்ச்சிகளில் வாசிக்கிறவருக்கு இதை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்ற ஒளிரும் தூளை வாங்கி எப்பாக்சி பிசினில் நீங்களே கலந்து ஊற்றவும் முடியும். தூள் ஈரம் பட்டால் கெடும் என்பதால் பிசின் அதை முழுதும் மூட வேண்டும். உலோகக் கரண்டியால் கலக்கினால் தூள் உலோகத்தை அரைத்துச் சாம்பல் நிறமாகும், மரக்குச்சியால் கலக்குங்கள். தூள் கனமானது, அடியில் தங்கும். ஆகவே பலகையின் ஓரம் வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தி, கலவையைக் கெட்டியாக வைத்து, துளையை வழிய நிரப்பி, முழுமையாக இறுகிய பிறகு தேயுங்கள்.

நான்காம் படி: மாதிரிக் குச்சி

இந்தப் படியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். விரல்பலகையை வெட்டியபோது கிடைத்த மிச்சத் துண்டில், அதே மரத்தில், ஓர் ஓரத்தைச் சமமாக்கி, உங்களிடம் இருக்கும் எல்லாப் பொருளையும் வரிசையாகப் பதியுங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக், எலும்பு, சிப்பி, பித்தளை, அலுமினியம், எது இருந்தாலும் சரி. இரண்டு அளவுகளில் பதியுங்கள்: 2 மில்லிமீட்டர், 2.4 மில்லிமீட்டர். தேய்த்து, கழுத்துக்கு என்ன எண்ணெய் அல்லது வார்னிஷ் பூசுவீர்களோ அதையே பூசுங்கள்.

காய்ந்ததும் துண்டைக் கழுத்து இருக்கும் உயரத்தில், கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எடுங்கள். நிறத்தின் மயக்கம் போய், வெளிச்ச வேறுபாடு மட்டும் எஞ்சும். ரோஸ்வுட்டில் பொன்னாக ஜொலித்த பித்தளை படத்தில் மரத்தின் சாம்பலோடு கலந்து காணாமல் போவதைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். செம்பு இன்னும் மோசம். வெள்ளைப் பிளாஸ்டிக்கும் எலும்பும் மட்டும் நிமிர்ந்து நிற்கும்.

அடுத்தது வண்ண விளக்குச் சோதனை. கல்யாண மண்டபங்களிலும் மெல்லிசை மேடைகளிலும் வாசிக்கிறவருக்குச் செய்கிறீர்கள் என்றால் இதைத் தவறாமல் செய்யுங்கள். நிறம் மாறும் எல்இடி விளக்கு ஒன்று போதும். நீல ஒளியில் மஞ்சள் பொருள்கள் இருண்டுவிடும்: பித்தளை, மஞ்சள் படிந்த எலும்பு, தேன் நிற பைண்டிங் எல்லாம். சிவப்பு ஒளியில் செம்பும் செம்பழுப்பு மரமும் ஒன்றாகிவிடும். வெள்ளை மட்டும் எந்த ஒளியையும் அப்படியே திருப்பிக் கொடுக்கும். சர்ச் பாடகர் குழுவில், வெள்ளைக் குழல்விளக்கின் கீழ் வாசிக்கிறவருக்கு இந்தக் கவலையே இல்லை. அவருக்குப் பித்தளையோ வெள்ளியோ தாராளமாக வைத்துக் கொடுக்கலாம்.

குச்சியைத் தூக்கி எறியாதீர்கள். சட்டைப்பையில் அல்லது பைக் கைப்பிடியில் கட்டி வைத்து வியர்வை படவிட்டால், சில வாரங்களில் களிம்பும் கறையும் தாமே கதை சொல்லும்.

ஐந்தாம் படி: துளையிடுதல்

விரல்பலகையைக் கழுத்தில் ஒட்டுவதற்கு முன், அதன் ஓரங்களைச் சரிவாக வெட்டிச் சமமாக்கிய பிறகு துளையிடுவதே வசதி. ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்றால் கழுத்தின் பின்புறத்தை உருட்டுவதற்கு முன் செய்யுங்கள். பிடித்து நிறுத்தச் சமதளம் கிடைக்கும்.

கம்பியின் விட்டத்தைக் கடைக்காரர் சொன்னபடி நம்பாமல் வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் புள்ளிகள் அங்குலக் கணக்கில் இருக்கும்: அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு 1.59 மில்லிமீட்டர், முப்பத்திரண்டில் மூன்று பங்கு 2.38 மில்லிமீட்டர். முதலாவதற்கு 1.6, இரண்டாவதற்கு 2.4 துளைப்பான் பொருந்தும். பிளாஸ்டிக்குக் கம்பியின் அளவே துளையின் அளவு. உலோகத்துக்கு 0.1 மில்லிமீட்டர் கூடுதல் இருந்தால் பசைக்கு இடம் கிடைக்கும்.

இடத்தைக் கூரான குத்தூசியால் அழுத்திக் குறியுங்கள். மரத்தின் ரேகை மெல்லிய துளைப்பானைத் தன் பக்கம் இழுக்கும். ஆழமான குறி இருந்தால் அது வழி தவறாது. கையால் பிடிக்கும் டிரில் மட்டுமே இருந்தால் ஒரு வழிகாட்டிக் கட்டை செய்துகொள்ளுங்கள்: கெட்டி மரத்துண்டில் செங்குத்தாக ஒரு துளை, மேலே ஒரு சிறு உதடு. உதட்டைப் பலகையின் முகப்பில் வைத்து அழுத்தினால் எல்லாத் துளையும் ஒரே உயரத்தில் விழும். ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் கீழே இறங்கினாலும் கண் அதைப் பிடித்துவிடும், ஆகவே இந்தக் கட்டைக்குச் செலவிடும் நேரம் வீணாகாது. ஆழம் 4 மில்லிமீட்டர் போதும். துளைப்பானில் ஒட்டுப்பட்டையைச் சுற்றி அடையாளம் வையுங்கள். அடிக்கடி வெளியே இழுத்துத் தூளை உதறுங்கள், இல்லாவிட்டால் கருங்காலியில் துளை கருகும்.

ஆறாம் படி: ஒட்டுதலும் சமமாக்கலும்

மேப்பிள் போன்ற வெளிர் மரத்தில் மெல்லிய சூப்பர் க்ளூ துளையிலிருந்து ரேகை வழியே ஓடி, புள்ளியைச் சுற்றிக் கறுத்த நிழலை உண்டாக்கும். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிய தூரிகையால் துளைக்குள்ளும் வாய் ஓரத்திலும் தடவிக் காயவிட்டால் அந்த ஓட்டம் நின்றுவிடும். கருமரங்களில் இதற்கு எதிர்மாறான தொல்லை: ஈரமான காற்றில் சூப்பர் க்ளூவின் ஆவி மரத்தின் மேல் வெள்ளைப் புகையாகப் படியும். மழை நாளில் ஒட்டாதீர்கள்; ஒட்டினால் பசையை மிகக் குறைவாக விட்டுக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். உலோகத்துக்கு எப்பாக்சியே மேல். கம்பியின் பக்கங்களை 180 உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு ஒட்டுங்கள்.

கம்பியின் நுனியைச் சற்றே சரிவாக அராவிவிட்டால் துளைக்குள் எளிதில் இறங்கும். வெளியே ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். இறுகிய பின் மிருதுவான அரத்தால் அரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள், அதன் பிறகே உப்புத்தாள். உலோகத்தை வேகமாகத் தேய்த்தால் சூடேறிப் பசை இளகும். பத்து இழுப்புக்கு ஒரு முறை நிறுத்தி விரலால் தொட்டுப் பாருங்கள்.

உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்ப்பதுதான் பெரும்பாலான பக்கப் புள்ளிகளைக் கெடுக்கிறது. புள்ளி கெட்டி, சுற்றியிருக்கும் மரம் மென்மை. விரல் மென்மையான இடத்தைக் குழித்துக்கொண்டே போகும். தட்டையான கட்டை அல்லது தடித்த கண்ணாடித் துண்டில் தாளை ஒட்டி, ரேகையின் நீளவாக்கில் 180, 240, 320, 400 என்று ஏறுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் இடையில் தூளைத் துடைக்காமல் ஊதியோ உறிஞ்சியோ எடுங்கள். துடைத்தால் கறுப்புத் தூள் வெள்ளைப் புள்ளிக்குள் போகும்.

ஏழாம் படி: பூச்சுக்கு முன் ஓர் இடைவெளி

உலோகப் புள்ளி வைத்திருந்தால் உடனே பூச்சு அடிக்காதீர்கள். கழுத்தைக் குளிரூட்டிய அறையில் ஒரு வாரம் வையுங்கள். வாசிப்பவர் எப்படிப்பட்ட அறையில் கிட்டாரை வைத்திருப்பார் என்று கேட்டு, முடிந்தவரை அதே நிலையில் வையுங்கள். பிறகு நகத்தை ஓரத்தின் நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். தட்டுப்படும் புள்ளிகளை மட்டும் 400 தாள் ஒட்டிய கட்டையால் சமமாக்குங்கள். உலர்ந்த நிலையில் சமமாக்கிய புள்ளி, ஈரத்தில் மரம் விரியும்போது நூலிழை உள்ளே போகும். உள்ளே போனது உறுத்தாது.

பித்தளைக்கும் செம்புக்கும் மேல் பூச்சு இல்லாமல் விடவேண்டாம். எண்ணெய் மட்டும் பூசும் கழுத்தாக இருந்தாலும் புள்ளியின் முகத்தில் மெல்லிய சூப்பர் க்ளூவைத் தடவிக் காய்ந்ததும் 600 தாளால் மழுக்கிவிடுங்கள். வெள்ளைப் புள்ளிகளுக்கு மேல் எண்ணெய்க் கலப்புள்ள பாலியூரித்தேன் அடித்தால் முதல் நாளே மஞ்சள் தட்டும், நைட்ரோ லாக்கர் மெதுவாக மஞ்சளாகும். வெண்மை நிற்க வேண்டும் என்றால் நீர்சார்ந்த பூச்சைத் தேர்ந்தெடுங்கள். கழுத்தை வாங்கியவர் எலுமிச்சை எண்ணெய் பூசிப் பராமரிப்பேன் என்று சொன்னால், எலும்புப் புள்ளிகளை அடைத்து வைத்திருக்கிறீர்களா என்று ஒரு முறை சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள்.